சர்க்கரைச் சீமையின் பிள்ளைகள்

கடலூர் ஜில்லாவில், விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் அண்மையில் கம்மாபுரம் என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் கிராமங்கள். கரும்பு வெட்டும் காலத்தில் அந்தப் பக்கத்துச் சாலைகளில் போகிறவர்கள், கழிகளைத் தலைக்கு மேல் அடுக்கிக்கொண்டு அசைந்து வரும் வண்டிகளுக்கு ஒதுங்கி வழி விட்டே போகவேண்டும். இதே ஜில்லாவில், நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை வைத்துவிட்டார்கள். சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு ஆலை இருக்கிறது. இப்படி ஊருக்கெல்லாம் சர்க்கரை காய்ச்சி அனுப்பும் சீமையிலே இன்று நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரையைப் பற்றித்தான் வருகிறது. ஆனால் அது மூட்டையில் இருக்கும் சர்க்கரை அல்ல. இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை.

இந்தப் பேச்சு ஒரு காலத்தில் பெரியவர்களோடு நின்றது. "தாத்தாவுக்குச் சர்க்கரை, அவர் இலையில் பாயசம் வேண்டாம்" என்று பந்தியில் சொல்வார்கள். தாத்தாவும் யாரும் பாராத சமயம் பார்த்து ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார். இன்று நிலைமை அப்படி இல்லை. 2016 முதல் 2018 வரை மத்திய சர்க்கார் தேசம் முழுவதும் குழந்தைகளின் போஷாக்கைப் பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளிலே ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை இருக்கவேண்டிய அளவைத் தாண்டி, நீரிழிவின் வாசற்படியில் நிற்பதாக அதில் தெரிந்தது. பெரியவர்களைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நம் தேசத்தில் நீரிழிவுள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. அந்த வீடுகளில்தான் இந்தப் பிள்ளைகளும் வளர்கிறார்கள். ஆகையால் இந்த விஷயத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியமாகிறது.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஆரோக்கியமான ஒரு பையனின் உடம்பில் சுமார் நாலு லிட்டர் இரத்தம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால், அந்த நாலு லிட்டரிலும் சேர்ந்து இருக்கும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு தேக்கரண்டி! சுமார் நாலு கிராம். இந்த ஒரு தேக்கரண்டியை வைத்துக்கொண்டுதான் மூளை கணக்குப் போடுகிறது, இருதயம் துடிக்கிறது, கால் பந்தை உதைக்கிறது. செலவாகச் செலவாகக் கல்லீரல் தன் களஞ்சியத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நிரப்பிக்கொண்டே இருக்கிறது. இப்போது பள்ளிக்கூட வாசலில் விற்கும் கலர் பானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 300 மில்லி லிட்டர் கோலா பானத்தில் சுமார் 32 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதாவது எட்டுத் தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி இருக்கவேண்டிய இடத்தில் எட்டுத் தேக்கரண்டி, ஐந்து நிமிஷத்தில் உள்ளே போகிறது!

அப்படிப் போயும் இரத்தத்தில் சர்க்கரை மிதமிஞ்சி ஏறாமல் காப்பது, வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணையம் என்னும் உறுப்பில் ஊறும் இன்சுலின். ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஏரியில் எவ்வளவு ஜலம் இருந்தால் என்ன? மடையைத் திறப்பவன் வந்து திறந்தால்தான் வயலுக்குப் பாயும். திறப்பவன் வராமல் போனால் வயல் காயும். ஏரியோ தளும்பிக் கரையை அரிக்கும். மடை திறப்பவன் வேலையைத்தான் இன்சுலின் செய்கிறது. அவன் அடியோடு இல்லாமல் போவது ஒரு விதமான நீரிழிவு. அதை முதல் வகை என்கிறார்கள். அவன் இருந்தும், மடையின் கதவு இறுகிப்போய், எவ்வளவு முயன்றாலும் பாதிதான் திறக்கிறது என்பது இன்னொரு விதம். அது இரண்டாம் வகை. தாத்தாவுக்கு இருந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். அது இப்போது பேரனையும் தேடி வருகிறது என்பதே புதிய செய்தி.

வெறும் வயிற்றில் 100 மில்லி லிட்டர் இரத்தத்துக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 100 முதல் 125 வரை வாசற்படி. 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு என்று வைத்தியர்கள் வரையறுத்திருக்கிறார்கள். ஒரு முறைக்கு இரு முறை சோதித்துத்தான் முடிவு சொல்வார்கள்.

இனி, வளரும் பருவத்துக்கே உரிய ஒரு விசேஷத்தைச் சொல்லவேண்டும். பதின்மூன்று, பதினாலு வயதில் பிள்ளை திடீரென்று உயருகிறான். போன தீபாவளிக்குத் தைத்த சட்டை இந்தத் தீபாவளிக்குப் போதவில்லை. பெண் குழந்தை ருதுவாகிறாள். இந்த வளர்ச்சிக்காகச் சுரக்கும் இரசங்கள் இன்சுலினின் வேலையைக் கொஞ்சம் மறிக்கின்றன. பருவமடையும் காலத்தின் நடுவில் இன்சுலினின் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறதென்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். இயற்கை இதைத் தெரிந்தேதான் செய்கிறது. ஆரோக்கியமான கணையம் அதற்கேற்ப அதிகமாகச் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது. வளர்ச்சி முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆனால் ஏற்கெனவே குடும்ப வாசனை இருந்து, வயிறும் பெருத்து, ஓடியாடாமலும் இருக்கும் பிள்ளைக்கு இந்தப் பருவம் ஒரு பரீட்சை. கணையம் தேறினாலும் தேறலாம், தவறினாலும் தவறலாம்.

சென்னையில் இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நீண்ட சரித்திரம் உண்டு. டாக்டர் எம். விசுவநாதன் 1954-ல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஆஸ்பத்திரி தொடங்கியபோது, இதற்கெனத் தனி ஆஸ்பத்திரியா என்று வியந்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்தப் பரம்பரையில் வந்த வைத்தியர்கள்தான், சென்னை நகரத்துப் பிள்ளைகளுக்கும் இரண்டாம் வகை நீரிழிவு வருகிறது என்பதை 2003-ல் உலகுக்கு எழுதிக் காட்டினார்கள். பிறகு சென்னையில் ஆறு முதல் பத்தொன்பது வயது வரையுள்ள 1,500-க்கு மேற்பட்டவர்களைச் சோதித்த ஒரு ஆய்வில், நூற்றுக்குச் சுமார் நாலு பேருக்குச் சர்க்கரை முறை தவறியிருந்தது. வயிற்றுப் பருமன் உள்ள பிள்ளைகளைத் தனியே எடுத்துப் பார்த்தபோது இந்த விகிதம் பல மடங்கு ஏறியது.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட்டுத் துணி போல ஆகிவிடும். அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் அழுந்தத் தேய்ப்பார்கள். தோல் புண்ணாகுமே தவிர, கறுப்புப் போகாது. ஏனென்றால் அது அழுக்கு அல்ல. மடைக்கதவு இறுகியதால் இன்சுலின் அளவுக்கு மேல் சுரக்கிறது என்பதற்கு உடம்பு காட்டும் அடையாளம். நாரை வைத்துவிட்டு வைத்தியரிடம் அழைத்துப் போகவேண்டும்.

"எங்கள் பையன் ஒல்லி; அவனுக்கு வராது" என்று நினைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். புனா நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் அவரது சகாக்களும் நடத்திய ஆராய்ச்சி இந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. நம் தேசத்துக் குழந்தைகள் சீமைக் குழந்தைகளைவிட எடை குறைவாகப் பிறக்கிறார்கள். ஆனால் அந்தச் சிறிய உடம்பிலும் சதை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதை அவர்கள் கண்டார்கள். கர்ப்பத்தில் தாய்க்குக் கிடைக்காத ஆகாரம், பதினைந்து வருஷம் கழித்துப் பிள்ளையின் இரத்தத்தில் கணக்குக் கேட்கிறது. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த உடலமைப்பு நம்மவர்க்குப் பொதுவானது. ஆகவே தராசை மட்டும் நம்பிப் பயனில்லை. அரைஞாண் கயிறு எத்தனை முறை நீட்டிக் கட்டப்பட்டது என்பதையும் பார்க்கவேண்டும்.

இனி ஆகாரத்துக்கு வருவோம். கலர் பானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. காலையில் இட்டிலி, மத்தியானம் சாதம், சாயங்காலம் பரோட்டா, இரவு தோசை என்று நாள் முழுவதும் மாவையே சாப்பிட்டால், அத்தனையும் வயிற்றில் சர்க்கரையாகத்தான் மாறுகிறது. நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி மிக வேகமாக மாறுகிறது. சென்னையில் பருமனான பெரியவர்களைக் கொண்டு நடத்திய ஒரு சோதனையில், தீட்டிய அரிசிக்குப் பதிலாகத் தீட்டாத அரிசி கொடுத்தபோது நாள் முழுவதுக்குமான சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பருப்பு வகையும் சேர்த்துக் கொடுத்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்தது.

இதைப் படிக்கையில் நமக்குக் காந்தியடிகளின் ஞாபகம் வராமல் இருக்குமா? 1934-ல் அவர் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஆரம்பித்து, நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவிடம் அதை ஒப்படைத்தபோது, ஆலையில் தீட்டிய அரிசியை விடுங்கள், கைக்குத்தல் அரிசிக்குத் திரும்புங்கள் என்று தேசத்துக்கு ஓயாமல் சொன்னார். பலர் அதைக் கிழவரின் பிடிவாதம் என்று சிரித்தார்கள். இன்று ஆராய்ச்சிசாலை அவர் பக்கம் சாட்சி சொல்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் பிசகிவிடக் கூடாது. ஆலைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லத்தையும் அவர் சிபாரிசு செய்தார். கிராமத்தின் பிழைப்பையும் உடம்பின் போஷாக்கையும் கருதிச் சொன்னது அது. அதைப் பிடித்துக்கொண்டு, "வெல்லம்தானே, கருப்பட்டிதானே, பயமில்லை" என்று நீரிழிவுள்ள பிள்ளைக்கும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரத்தச் சர்க்கரையைப் பொறுத்த மட்டில் வெல்லமும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரையின் ஒன்றுவிட்ட சகோதரர்களே. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2015-ல் சொன்ன யோசனைப்படி, நாம் சேர்க்கும் தித்திப்பு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது உத்தமம். தேனும் பழரசமும் அந்தக் கணக்கில் அடங்கும்.

விருத்தாசலம் பக்கத்து மானாவாரி நிலங்களில் ஒரு காலத்தில் வரகு தாராளமாக விளைந்தது. ஏழைகளின் சாதம் என்று அதை ஒதுக்கிய வீடுகள், இன்று பட்டணத்துக் கடைகளில் அதை அழகான பொட்டலமாக அதிக விலை கொடுத்து வாங்குகின்றன. வாங்கட்டும். ஆனால் வரகானாலும் சரி, சோற்றுக்குன்று போலக் குவித்துக்கொண்டு பேருக்கு ஒரு கரண்டி கீரை வைத்தால் பலனில்லை. இலையில் சாதத்தின் இடத்தைக் காய்கறியும் பருப்பும் சுண்டலும் முட்டையும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பள்ளிச் சத்துணவில் முட்டையும் கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் போடுகிறார்களே, அந்த யோசனை வீட்டுச் சமையலறைக்கும் வந்தால் நல்லது.

சர்க்கரையை ஏற்றுபவை ஆகாரம் மட்டுமல்ல. காய்ச்சல் ஏற்றும்; மனக்கவலை ஏற்றும்; சில வியாதிகளுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை ஏற்றும். தூக்கம் குறைந்தாலும் இன்சுலினின் சக்தி குறைகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து தனிப் பாடம், அப்புறம் பஸ், பள்ளிக்கூடம், மறுபடியும் தனிப் பாடம், இரவில் வெகுநேரம் கையில் தொலைபேசி. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். அந்தக் கடன் திரும்புவதே இல்லை. தசைக்கு ஒரு வரப்பிரசாதம் உண்டு: அது வேலை செய்யும்போது, இன்சுலினின் தயவை எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். மடைக்கதவு இறுகியிருந்தாலும் வேறு வாய்க்கால் திறந்துகொள்கிறது. அந்த வாய்க்காலைப் பரீட்சையின் பேரால் நாமே தூர்த்துவிடுகிறோம்.

இதுவரை சொன்னது மெள்ள வரும் வியாதியைப் பற்றி. இனிச் சொல்லப்போவது வெகு வேகமாக வருவது.

நன்றாக இருந்த குழந்தை இரண்டு மூன்று வாரமாக ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. இரவில் நாலு முறை எழுந்து போகிறது. வெகு நாளாகப் படுக்கையை நனைக்காத பிள்ளை மறுபடி நனைக்கிறது. நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது. வெய்யில் காலம், தாகம் என்று நினைக்கிறோம். வளர்கிற பிள்ளை, இளைக்கத்தான் செய்யும் என்கிறோம். பிறகு வயிற்று வலி, வாந்தி, மேல்மூச்சு வாங்குதல், மூச்சில் அழுகிய பழம் போன்ற ஒரு வாடை. திருஷ்டி என்று மிளகாய் சுற்றுகிறார்கள். கண்டதைத் தின்றான் என்று கஷாயம் கொடுக்கிறார்கள். குடல்வால் அழற்சி என்று தவறாக நினைப்பதும் உண்டு. உண்மையில் அது முதல் வகை நீரிழிவு. இன்சுலின் இல்லாமையால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடம்பு, கொழுப்பை எரித்து, அதனால் உண்டாகும் அமிலத்திலேயே மூழ்குகிறது. ஒரு நாள் தாமதம் உயிரைக் கொண்டுபோய்விடும். விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்; ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். வாந்தியோடு வரும் இளைத்த குழந்தைக்கு இந்தச் சோதனையை நாமே கேட்டு வாங்கவேண்டும்.

முதன்முதலில் இன்சுலின் ஊசியால் உயிர் பிழைத்தவனும் பதினாலு வயதுப் பையன்தான். பெயர் லெனார்ட் தாம்ஸன். கானடா தேசத்து டொரான்டோ நகரம். அக்காலத்தில் இந்த வியாதி வந்த குழந்தைக்குப் பட்டினி ஒன்றே வைத்தியம். எலும்பும் தோலுமாய்க் கிடந்த அவனுக்கு 1922-ஆம் வருஷம் ஜனவரி 11-ஆம் தேதி, பான்டிங்கும் பெஸ்டும் மாட்டுக் கணையத்திலிருந்து வடித்த மருந்தை ஏற்றினார்கள். அதிகம் பலிக்கவில்லை, ஊசி போட்ட இடமும் வீங்கிற்று. காலிப் என்ற இரசாயன நிபுணர் இரவு பகலாக உழைத்து அதைச் சுத்தி செய்து கொடுத்தார். ஜனவரி 23-ல் மறுபடி போட்டபோது சர்க்கரை சரேலென்று இறங்கியது. பையன் எழுந்தான், இன்னும் பதின்மூன்று வருஷம் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். பான்டிங் பிறந்த நவம்பர் 14-ஆம் தேதியை உலகம் நீரிழிவு தினமாகக் கொண்டாடுகிறது. அதுவே நேருஜி பிறந்த நாள். நமக்குக் குழந்தைகள் தினம். இந்தப் பொருத்தத்தை நம் பள்ளிக்கூடங்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இந்த இரண்டு வகையிலும் சேராத மூன்றாவது ஒரு கூட்டம் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைகள். குழந்தைப் பருவம் முழுவதும் அரை வயிறு கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள். பதினெட்டு, இருபது வயதில் எலும்பும் தோலுமாக, சர்க்கரை மிக ஏறி வருவார்கள். இன்சுலின் குறைந்தாலும் முதல் வகைக்காரரைப் போல அமிலத்தில் மூழ்குவதில்லை. 1955-ல் ஜமெய்க்காத் தீவில் ஒரு வைத்தியர் இதைக் குறித்தார். 1985-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கு ஒரு தனிப் பெயர் கொடுத்தது. 1999-ல் போதிய சான்றில்லை என்று எடுத்துவிட்டது. பெயர் போயிற்று, நோயாளிகள் போகவில்லை. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் விடாமல் அவர்களைப் பரிசோதித்து, நியூயார்க் நகரத்து ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து 2022-ல் உண்மையை நிலைநாட்டினார்கள்: இவர்களுக்கு மடைக்கதவு இறுகவில்லை, மடை திறப்பவன்தான் சோர்ந்துபோனான். 2025 ஏப்ரலில் பாங்காக் நகரத்தில் கூடிய சர்வதேச நீரிழிவு சம்மேளனம் இதை ஐந்தாம் வகை என்று ஒப்புக்கொண்டது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. முதல் வகை என்று தவறாக நினைத்து இன்சுலினை அதிகமாக ஏற்றினால், சாப்பாடே சரியாகக் கிடைக்காத அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். கம்மாபுரத்துக்கு வெகு தொலைவில் இல்லாத வடலூரில், 1867-ல் இராமலிங்க அடிகள் தருமசாலை திறந்து மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசியைப் பிணி என்றே கருதிய அந்த மகான், பசி இப்படி ஒரு நிஜப் பிணியாகவும் உருவெடுக்கும் என்று கேட்டால் வியந்திருக்கமாட்டார்.

இனி, வீட்டிலும் பள்ளியிலும் நடப்பது. முதல் வகை வந்த பிள்ளைக்குத் தினந்தோறும் ஊசி வேண்டும். வாழ்நாள் முழுவதும் வேண்டும். சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. கடலூர் ஜில்லாவாசிகளுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அப்படி ஒன்று இருக்கிறது. மருந்து கிடைத்தும் பிள்ளை கெடுவது இரண்டு காரணத்தால். "ஒரு மண்டலம் மூலிகை சாப்பிட்டால் ஊசியே வேண்டாம்" என்று யாராவது சொல்ல, நம்பி ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். அந்த மண்டலம் முடியுமுன் பிள்ளை முடிந்துபோவதுண்டு. மற்றொன்று, பெண் குழந்தையானால் ஊருக்குத் தெரிந்தால் கலியாணம் ஆகாதே என்ற பயம். பள்ளிக்கூடத்தில் சொல்வதில்லை, மத்தியான ஊசியைத் தவிர்க்கிறார்கள், உறவினர் வந்தால் மருந்தை ஒளிக்கிறார்கள். ஒளிக்கப்பட்டது மருந்தல்ல, பெண்ணின் உயிர். தக்கபடி ஊசி போட்டுக்கொள்ளும் பெண் படிக்கலாம், உத்தியோகம் பார்க்கலாம், கலியாணம் செய்துகொண்டு பிள்ளை பெறலாம், பெற்றும் இருக்கிறார்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை எப்படி வைப்பது என்று கேட்பார்கள். ஒரு பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணலைக் கொட்டி நனைத்து, நிழலில் காற்றுப்படும் இடத்தில் வைத்தால் போதும். மருந்துக் குப்பி நனையாதபடி உறையிட்டுச் சிறிய பானைக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடவேண்டும். சித்திரை வெய்யிலிலும் வெளியைவிட உள்ளே பல டிகிரி குளிர்ந்திருக்கும்.

ஊசி போட்ட பிள்ளை சாப்பிடத் தவறினாலும், அளவுக்கு மேல் ஓடினாலும் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வான். வகுப்பில் இப்படி நடந்தால் திமிர் என்று பெஞ்சின் மேல் ஏற்றுகிற வாத்தியார்களும் உண்டு. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கவேண்டும். கால் மணி கழித்தும் தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு கொடுக்கவேண்டும். தெளிந்தபின் ஏதாவது ஆகாரம். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரை ஏறும். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மத்தியப் பள்ளித் தேர்வு வாரியத்தார் 2017-ல், இந்த வியாதி உள்ள மாணவர்கள் பரீட்சை மண்டபத்துக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் தண்ணீரும் கொண்டுபோகலாம் என்று அனுமதித்தார்கள். 2025-ல், எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதை எழுதிக் காட்டும் பலகைகளைத் தங்கள் பள்ளிகளில் வைக்கும்படியும் உத்தரவிட்டார்கள். அந்தப் பலகைக்குப் பெரிய செலவொன்றும் இல்லை. ஒரு கரும்பலகை, ஒரு சாக்குக் கட்டி, பானத்தின் பேரும் அதற்கெதிரே தேக்கரண்டிக் கணக்கும். கம்மாபுரத்துப் பள்ளியிலும் மாட்டலாம்.